விமானிப் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பாலக்காட்டு எல்லைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வந்த சில நாள்களுக்குள், கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் இரண்டு மூன்று பெற்றோராவது என்னைத் தேடி வருகிறார்கள். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் இந்தச் சித்தூர் வட்டத்தில் நான் இயற்பியல் கற்பிக்கிறவள் என்பது ஒரு காரணம். என் மகன் விமானிப் பயிற்சி முடித்து உரிமம் பெற்றவன் என்பது மற்றொரு காரணம். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “டீச்சர், எந்தப் பள்ளியில் ஃபீஸ் குறைவு?” என்பதுதான். நானும் என் கணவரும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம். அதனால் ஏறத்தாழ ஒரு முழு ஆண்டையும் பெருந்தொகையையும் இழந்தோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பள்ளியில் சேர்ந்தால் என் பிள்ளை, உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் பறந்து முடிப்பான்? கட்டணம், கடன், வட்டி, வயது, வேலை ஆகிய எல்லாமே இந்த ஒரு விடையைச் சார்ந்தே நிற்கின்றன.

பள்ளியைத் தேடுவதற்கு முன்

பள்ளிகளின் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் உடல் தகுதிச் சோதனையை முடித்துவிடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது எல்லோரும் சொல்லும் டி.ஜி.சி.ஏ., இரண்டு நிலைகளில் மருத்துவச் சோதனை வைத்திருக்கிறது. முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை. அதை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் செய்கிறார்கள், அவர்களுடைய பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதன் பிறகு முதல் வகுப்புச் சோதனை. அதைச் செய்யும் இடங்களில் ஒன்று பெங்களூருவில் இருக்கும் விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம். வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பே போதும் என்று சொல்லிச் சில பள்ளிகள் அவசரப்படுத்தும். அது விதிப்படி உண்மைதான். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் பாதியில் நிறக்குருடோ இதயத் துடிப்பில் ஒரு மாறுபாடோ கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்? முதல் வகுப்புச் சான்று கையில் கிடைக்கும் வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கண்ணாடி அணிவது மட்டுமே தடையாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஒரு தவறான எண்ணத்தால் விண்ணப்பிக்காமலே நின்றுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது சான்றிதழ்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களையும் எழுதித் தேறலாம். டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதுவதற்கு முதலில் ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்ற பதிவு எண்ணைப் பெற வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள் உண்மையானவை என்று அந்தந்தத் தேர்வு வாரியம் உறுதிப்படுத்தியாக வேண்டும். எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகள் பலர் எஸ்.எஸ்.எல்.சி.யைக் கேரளத்தில் எழுதிவிட்டு, பிளஸ் டூவைப் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ முடிக்கிறார்கள். ஆகவே திருவனந்தபுரத்துப் பரீட்சா பவனுக்கு ஒரு விண்ணப்பம், சென்னைத் தேர்வுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் என்று இரண்டு இடத்திலும் காத்திருக்க நேரும். பெயர்ச் சிக்கலும் அப்படித்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வீட்டுப் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் எழுத வேண்டிவரும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே எழுத்தமைப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தேர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், வான்போக்குவரத்து விதிகள், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் தேறுவதற்கு 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ரேடியோத் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. இவற்றுள் வான்வழிச் செலுத்தம், வானிலை, விதிகள் ஆகிய மூன்றையாவது பள்ளியில் சேர்வதற்கு முன் வீட்டிலிருந்தோ ஒரு பயிற்சி மையத்திலோ படித்துத் தேறிவிட்டால் செலவும் குறையும், விமானதளத்தில் வகுப்புக்காகப் பறக்கும் நாள்களை விட்டுக்கொடுக்கவும் நேராது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ரேடியோவில் பேசும் மொழி வரையறுக்கப்பட்ட சொற்களைக் கொண்டது. நாள்தோறும் சத்தமாகப் பயின்றால் ஆறு மாதத்தில் நாவுக்குப் பழகிவிடும். என் மகன் கொல்லைப்புறத்துத் தென்னை மரங்களுக்கு இடையில் நடந்துகொண்டே அதைச் சொல்லிப் பழகினான்.

200 மணி நேரம் என்பதன் உள்ளடக்கம்

இந்திய வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சி.பி.எல்.-க்கு, வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். அந்த 100-க்குள் 20 மணி நேரம் நெடுந்தூரப் பறத்தல்; அதிலும் ஒரு பயணம் 300 கடல்மைலுக்கு (ஏறத்தாழ 555 கி.மீ.) குறையாமல், வழியில் வெவ்வேறு இரண்டு விமானதளங்களில் இறங்கி நின்று சென்றதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், 10 ஏற்றம், 10 இறக்கம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி தனி. விமான நிறுவனத்தில் வேலை தேடுகிறவருக்குக் கருவிப் பறத்தல் தகுதியும் இரட்டை இயந்திர விமானப் பயிற்சியும் நடைமுறையில் தவிர்க்க முடியாதவை.

இந்த எண்களை நான் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பள்ளியில் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு வசதி இல்லையென்றால் மாணவர் அங்கே தேங்கிப்போவார். ஓடுபாதையில் இரவு விளக்கு இல்லாமலோ கட்டுப்பாட்டு கோபுரம் மாலையிலேயே மூடப்படுவதாலோ 195 மணி நேரம் முடித்த பிள்ளை கடைசி 5 மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இரட்டை இயந்திர விமானம் பள்ளியில் ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் உதிரிபாகத்துக்காக நிற்கிறது என்றாலும் இதே கதிதான். கையேட்டில் “இரட்டை இயந்திரப் பயிற்சி உண்டு” என்று அச்சாகியிருப்பதை நம்பாமல், அந்த விமானம் கடந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேளுங்கள்.

பட்டியல் தயாரித்தல்

டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் பெற்ற பயிற்சிப் பள்ளிகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் உள்ளது. அதில் பெயர் இல்லாத பள்ளியை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒப்புதல் எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்தப் பயிற்சிகளுக்கு, எந்தத் தளத்துக்கு என்பதையும் பாருங்கள். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று தளங்களில் நடத்தும்போது, நீங்கள் சேரப்போகும் தளத்தைப் பற்றிய செய்திதான் உங்களுக்கு வேண்டும். 2025 அக்டோபர் முதல் இயக்குநரகம் இந்தப் பள்ளிகளைத் தரம்பிரித்து ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. ஏ++, ஏ+ ஆகியவை அதன் மேல்நிலைகள். முதல் பட்டியலில் ஏ++, ஏ+ ஆகிய இரண்டிலும் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. ஆகவே “நாங்கள்தான் நாட்டிலேயே முதல் தரம்” என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், எந்தப் பட்டியலில், எந்த நிலையில் என்று அமைதியாகக் கேளுங்கள்.

பாலக்காட்டிலிருந்து பார்க்கும்போது எட்டும் தொலைவில் பல இடங்கள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி வான்போக்குவரத்துத் தொழில்நுட்ப அகாதமி இருக்கிறது. பெங்களூருவின் ஜக்கூரில் கர்நாடக அரசின் பறத்தல் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சேலமும் ஆந்திரத்தின் கடப்பையும், பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் கொடுப்பதற்காக இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த தளங்களின் வரிசையில் வருபவை. கர்நாடகத்தின் பெலகாவி, கலபுரகி, ஹுப்பள்ளி ஆகியவையும் அவ்வரிசையில் உண்டு. சேலத்து விமானதளம் ஓமலூருக்கு அருகில் காமலாபுரத்தில் இருக்கிறது; வாளையாரைக் கடந்து தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்தால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வடக்கே மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாதமி, ‘இக்ருவா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் உள்ளது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். படிப்பில் ஊக்கமுள்ள பிள்ளை என்றால் அந்தத் தேர்வை ஒரு முறையாவது எழுதவைக்க வேண்டும் என்பேன். இடம் கிடைக்காவிட்டாலும் அதற்காகப் படித்தது வீணாகாது.

அரசுப் பள்ளி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சேர்வதும் தனியார் பள்ளி என்பதால் ஐயப்படுவதும் இரண்டுமே சரியல்ல. எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

கணக்குப் போடும் இடம்

ஒரு பள்ளியில் பத்து விமானங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரில் போய்ப் பார்த்தால் இரண்டு விமானங்களில் இயந்திரம் கழற்றப்பட்டிருக்கும், இரண்டு தார்ப்பாயின் கீழ் தூசி படிந்து நிற்கும், பறப்பவை ஆறு. மழை, காற்று, விடுமுறை போக மாதத்தில் 22 நாள்கள் பறக்க முடிகிறது, ஒவ்வொரு விமானமும் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி நேரம் பறக்கிறது என்றால், மாதத்தில் மொத்தம் 528 மணி நேரம் கிடைக்கும். அந்தப் பள்ளியில் 100 மாணவர்கள் இருந்தால் ஒருவருக்கு மாதம் 5 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். 200 மணி நேரத்தை முடிக்க 38 மாதம் ஆகும். அதே ஆறு விமானங்களுக்கு 45 மாணவர்கள் மட்டும் இருந்தால் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 12 மணி நேரம். 17 மாதத்தில் முடிந்துவிடும். கையேட்டில் இரண்டு பள்ளியுமே “18 மாதப் பயிற்சி” என்றுதான் எழுதியிருக்கும்.

இப்போது பணத்தைச் சேர்த்துப் பாருங்கள். 40 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால் ஒரு ஆண்டுத் தாமதத்துக்கு வட்டி மட்டும் 4 லட்சம். தங்குவதற்கும் உணவுக்கும் மாதம் 15,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,80,000. ஆக ஓராண்டுத் தாமதத்தின் விலை ஏறத்தாழ 6 லட்சம்; வேலை ஓராண்டு தள்ளிப்போவதை இதில் நான் சேர்க்கவே இல்லை. கட்டணத்தில் 5 லட்சம் குறைவு என்று சொல்லி உங்களை ஈர்த்த பள்ளி, ஓராண்டு தாமதித்தால் மற்றதைவிட விலை கூடியதாகிவிடுகிறது. நீண்ட இடைவெளி விட்டுப் பறக்கிற பிள்ளைக்குக் கை மறந்துபோகும் என்பதும் உண்டு. முன்பு கற்றதை மீண்டும் கற்க 200-க்கு மேல் கூடுதல் மணி நேரம் தேவைப்படும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். நாங்கள் முதலில் சேர்த்த பள்ளி, கட்டணத்தின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே செலுத்தினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னது, நாங்களும் செலுத்தினோம். முதல் ஏழு மாதத்தில் என் மகன் பறந்தது 31 மணி நேரம். தலைமைப் பயிற்றுநர் விலகிச் சென்றுவிட்டார், புதியவர் வரும் வரை பறத்தல் ஏறக்குறைய நின்றே போனது. அவன் விடுதியில் உட்கார்ந்துகொண்டு, “இன்றைக்கும் இல்லை அம்மா” என்று தினமும் மாலையில் தொலைபேசியில் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தாயும் கேட்க நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நேரில் சென்று பார்க்க வேண்டியவை

பள்ளியின் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுவதற்காக மட்டும் செல்லாதீர்கள். இரண்டு நாள் தங்குங்கள். அதில் ஒரு நாள் விடியற்காலையில், ஆறு மணிக்கு முன்பே, விமானங்கள் நிறுத்தப்பட்டிருக்கும் இடத்தைப் பார்க்க இசைவு கேளுங்கள். பயிற்சி விமானங்களுக்குக் காலைப்பொழுதுதான் பொன்னான நேரம். வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்து இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறையும், தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று சிறு விமானத்தை ஆட்டிப் படைக்கும். அந்தக் காலைப்பொழுதில் எத்தனை விமானங்கள் மேலெழும்புகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வாலருகே வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி கொடுத்த பட்டியலோடு மறுநாள் ஒப்பிட்டால் எது பறக்கிறது, எது பெயருக்கு நிற்கிறது என்பது தெளிவாகிவிடும்.

அதைவிடப் பயன் தரும் இடம், விமானதளத்தின் வாசலில் இருக்கும் தேநீர்க் கடை. இரண்டாவது பள்ளியைத் தேடும்போது ஒரு தளத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த தேனிப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: “எத்தனை ஃப்ளைட் இருக்குன்னு கேக்காதீங்கம்மா. நேத்து எத்தனை பறந்துச்சுன்னு கேளுங்க. எனக்குப் போன மாசம் எத்தனை மணி நேரம் குடுத்தாங்கன்னு கேளுங்க.” அவனிடமே கேட்டேன். தன் பறத்தல் பதிவேட்டைப் பையிலிருந்து எடுத்து, கடந்த மூன்று மாதப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினான். எந்தக் கையேடும் சொல்லாத உண்மை அந்த மூன்று பக்கத்தில் இருந்தது. நீங்களும் குறைந்தது ஐந்து மாணவர்களிடம் இப்படிக் கேளுங்கள். பள்ளியே அழைத்து வந்து அறிமுகப்படுத்தும் மாணவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில. கடைசியாக உரிமம் பெற்ற பத்துப் பேர் எந்த மாதம் சேர்ந்தார்கள், எந்த மாதம் முடித்தார்கள்? இப்போது எத்தனை மாணவர்கள் பறக்கும் நிலையில் இருக்கிறார்கள், எத்தனை பயிற்றுநர்கள் முழுநேரமாக இருக்கிறார்கள்? தலைமைப் பயிற்றுநர் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்? பராமரிப்பு வேலையைப் பள்ளியே ஒப்புதல் பெற்றுச் செய்கிறதா, வெளி நிறுவனத்திடம் அனுப்புகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதில்லை. சிறு விமானத்துக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் சோதனை நடக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஒரு விமானம் மாதம் 88 மணி நேரம் பறக்கிறது. அப்படியென்றால் ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு ஒரு முறை அது 100 மணி நேரச் சோதனைக்கு வந்து நிற்கும். செஸ்னா 172 போன்ற விமானங்களில் உள்ள லைகமிங் இயந்திரத்தைப் பொதுவாக 2,000 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். எந்த விமானத்தின் இயந்திரம் அந்த எல்லையை நெருங்குகிறது, மாற்று இயந்திரம் தயாராக இருக்கிறதா என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே அந்தப் பள்ளியின் ஒழுங்கு தெரிந்துவிடும். எந்த எரிபொருள் என்றும் கேளுங்கள். டயமண்ட் விமானங்கள் சில, பெரிய விமானங்கள் பயன்படுத்தும் அதே எரிபொருளில் ஓடுபவை. பழைய செஸ்னா வகைகளுக்கு ஏவ்கேஸ் என்ற தனிப் பெட்ரோல் வேண்டும், அது வருவது நின்றால் விமானங்களும் நின்றுவிடும்.

வானிலையும் ஓடுபாதையும்

காற்றைப் பற்றிப் பாலக்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் உள்ள கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்று கூரை ஓட்டைத் தூக்கும் என்பதும், அதே காற்றை நம்பித்தான் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்கின்றன என்பதும் நமக்குத் தெரிந்ததே. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த அறிவைப் பயன்படுத்துங்கள். கேரளக் கடற்கரையில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பல நாள்களை எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதியில் அந்த இழப்பு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வட இந்தியச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பனிமூட்டம் பார்வையை மறைக்கும். எல்லா இடத்திலும் ஒரு குறை இருக்கும்; அந்தக் குறைவான மாதங்களைப் பள்ளி எப்படிப் பயன்படுத்துகிறது, தேர்வுக்கும், தரையிலேயே பறத்தலைப் பழகும் சிமுலேட்டர் பொறிக்கும் அந்த நாள்களை ஒதுக்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று வீசும்போது சிறு விமானத்துக்கு வரம்பு உண்டு. செஸ்னா 172-இல் சோதித்துக் காட்டப்பட்ட அளவு 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல்மைல். ஆண்டின் பெரும்பகுதி காற்று எந்தத் திசையில் வீசுகிறது, ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பயணிகள் விமானங்கள் அடிக்கடி வந்து செல்லும் நிலையத்தில் பள்ளி இருந்தால், பயிற்சி விமானம் இயந்திரத்தை ஓடவிட்டபடியே வரிசையில் நின்று காத்திருக்கும். அந்த நேரமும் பதிவேட்டில் பறத்தல் நேரமாகவே ஏறும், ஏனெனில் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நின்று ஓய்வது வரை கணக்கிடுவதுதான் முறை. அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். மறுபுறம், அப்படிப்பட்ட நிலையத்தில் கட்டுப்பாட்டாளரோடு பேசும் பழக்கம் நன்றாக வரும். என்னைக் கேட்டால், தொடக்கப் பயிற்சிக்கு அமைதியான தளமே சிறந்தது.

பாதுகாப்பு

விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் தன் இறுதி அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு இணையதளத்தில் வைக்கிறது. நீங்கள் கருதும் பள்ளியின் பெயரை அதில் தேடிப் படியுங்கள். விபத்து நடந்தது என்பதால் மட்டும் ஒரு பள்ளியை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிக்கையில் கண்ட குறைகள் என்ன, அவற்றுக்குப் பிறகு பள்ளி எதை மாற்றியது என்று நேரில் கேளுங்கள். ஒரே வகையான குறை இரண்டு அறிக்கைகளில் திரும்ப வந்திருந்தால் அந்தப் பள்ளி வேண்டாம். இன்னொன்றையும் மாணவர்களிடம் கேட்க வேண்டும்: வானிலை சரியில்லை, அல்லது உடம்பு சரியில்லை என்று ஒரு மாணவர் தானே பறக்க மறுத்தால் அவர்மேல் அபராதமோ ஏச்சோ விழுகிறதா? விழுகிறது என்றால், கட்டணம் எவ்வளவு குறைவானாலும் அங்கே பிள்ளையை விடக்கூடாது.

பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதித் தரும் பள்ளியும் அப்படித்தான். 2011-இல் போலி மதிப்பெண் சான்றுகளால் உரிமம் பெற்ற விமானிகள் கைதானதும், அதைத் தொடர்ந்து உரிமங்கள் பலவும் மறுசோதனைக்கு உள்ளானதும் செய்தித்தாள்களில் வந்தவை. பொய்க் கணக்கில் உரிமம் பெற்றவர் தன் வாழ்க்கையோடு, பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

பணமும் ஒப்பந்தமும்

இந்தியாவில் தனியார் பள்ளிகளில் இன்று முழுப் பயிற்சிக்கு 50 லட்சத்துக்கு மேல் ஆவது பரவலாக இருக்கிறது. குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சி, அதாவது டைப் ரேட்டிங், இதில் சேராது. அதற்குத் தனியே பல லட்சம் வேண்டும். கட்டணத் தாளைப் பெறும்போது எவை உள்ளே, எவை வெளியே என்று எழுத்தில் கேளுங்கள்: விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணங்கள், விமானதளத்தில் இறங்கும் கட்டணம், சிமுலேட்டர், கூடுதல் மணி நேரத்தின் விலை, எரிபொருள் விலை ஏறினால் யார் சுமப்பது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் பெற்ற பள்ளிகள், இயக்குநரகம் முடிப்புச் சான்றைக் கட்டாயமாக்கியுள்ள பயிற்சிகளுக்கு வாங்கும் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு என்று 2024 செப்டம்பரில் கூடிய 54-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சிலின் பரிந்துரைப்படி தெளிவுபடுத்தப்பட்டுள்ளது.

முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். பறந்த மணி நேரத்தோடு பிணைத்துத் தவணை அமையட்டும்: சேரும்போது ஒரு பகுதி, 40 மணி நேரம் முடிந்ததும் ஒரு பகுதி, 100 முடிந்ததும் ஒரு பகுதி என்பது போல. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் பறக்கவைப்போம் என்ற உறுதியும், அது தவறினால் என்ன ஈடு என்பதும், மாணவர் விலகினால் பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன எதுவும் பிறகு நிற்காது. முன்பணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் ஒரு வாரம் கேளுங்கள். நாளைக்கே இடம் போய்விடும் என்று விரட்டுகிற பள்ளிக்கு அந்த விரட்டலே அடையாளம்.

கடனைப் பொறுத்தவரை நம் பகுதி விவசாயக் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்கும். வீடோ மனையோ இருந்தால் எளிது. விவசாய நிலத்தை வங்கிகள் விரும்புவதில்லை, ஏனெனில் வங்கிகள் பிணைச் சொத்தைக் கைப்பற்ற வகைசெய்யும் 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டத்தின்படி விவசாய நிலத்தை அவர்களால் கைப்பற்ற முடியாது. கேரளத்தில் இருப்பவர்கள் தம் வரிச்சீட்டில் ‘நிலம்’ என்று இருக்கிறதா ‘புரயிடம்’ (மனை, தோட்ட நிலம்) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘நிலம்’ என்றால் அது நெல்வயல். 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் வகைப்பாட்டை மாற்றுவது நீண்ட வேலை. ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்தும், பதிவேட்டில் பழைய வகைப்பாடு மாறாததால் கடன் தள்ளிப்போன குடும்பங்கள் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மாநில நலத்துறை அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள். திருவனந்தபுரத்து அகாதமியில் சேர்ந்த அத்தகைய மாணவர்களுக்குக் கேரள அரசு கட்டண உதவி செய்திருக்கிறது. வருமான வரி கட்டுவோர், கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு கிடைக்குமா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

வெளிநாட்டில் பயில்வதைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் பறக்கும் நாள்கள் கூடுதலாகக் கிடைப்பதால் விரைவில் முடியலாம். ஆனால் திரும்பி வந்ததும் இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள டி.ஜி.சி.ஏ. தேர்வுகளும் இங்கே செய்து காட்ட வேண்டிய பறத்தல் சோதனைகளும் உண்டு. அவற்றுக்குப் பல மாதமும் சில லட்சமும் ஒதுக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வேலை உறுதி என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். விமான நிறுவனங்கள் தாமே எழுத்துத் தேர்வும் திறன் சோதனையும் நேர்காணலும் நடத்தித்தான் ஆளெடுக்கின்றன.

சேர்ந்த பிறகு

சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பறத்தல் பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். பயிற்றுநரின் கையெழுத்து அன்றன்றைக்கே வாங்கப்பட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்த மணி நேரத்தை ஒரு குறிப்பேட்டில் கூட்டி, செலுத்திய பணத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். பள்ளி மாற நேர்ந்தால் பழைய பள்ளி, பறந்த மணி நேரத்தைச் சான்றளித்து, தடையில்லாச் சான்றும் கொடுத்தால்தான் புதிய பள்ளி அதை ஏற்கும். என் மகனின் பதிவேட்டில், விலகிச் சென்ற தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்து விடுபட்டிருந்த வரிகள் ஒன்பது. அவர் வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து அந்த ஒன்பது வரிக்கும் கையெழுத்து வாங்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அவன் பறக்கவில்லை.